வீட்டை ஏற்றிச் செல்லும் பெட்டி
பாரமும் பாதையும் பற்றிய ஒரு பாடம்



இடம்பெயர்ந்த குடும்பம் ஒன்றின் வீடு எவ்வளவு பெரியது? உழவு இயந்திரப் பெட்டி ஒன்றில் ஏற்றக்கூடிய அளவுதான். 1990ஆம் ஆண்டு வன்செயலின்போதும், 2004 டிசம்பர் 26இல் கடல் பொங்கி வந்தபோதும், 2011 ஜனவரி வெள்ளத்தின்போதும் எமது கரையோர மக்கள் இதைக் கண்டுகொண்டார்கள். தகரம், கதவு நிலை, விதைநெல், அம்மி, பாய், கோழிக்கூடு, இவற்றின் மேல் பிள்ளைகள். முன்னால் இழுப்பது லான்ட்மாஸ்டர். சாகாமத்திலிருந்து திருக்கோவிலுக்கும், அக்கரைப்பற்றிலிருந்து மீண்டும் சாகாமத்துக்கும் இவ்விதம் எத்தனை வீடுகள் போய் வந்திருக்கின்றன!

வெளிநாடுகளில் உல்லாசத்துக்காக வீட்டு வண்டி வைத்திருப்போர் உண்டு. 1950களிலேயே ஜேர்மனியில் வொக்ஸ்வாகன் வான்களுக்குள் கட்டிலும் அடுப்பும் பொருத்தி ஊர் சுற்றினார்கள். இன்று ஐரோப்பாவில் பியட் டுக்காட்டோ போன்ற வான்களின் அடித்தளத்தில் இத்தகைய வண்டிகள் பல கட்டப்படுகின்றன. அவர்கள் விரும்பிப் போகிறார்கள். நாம் விரட்டப்பட்டுப் போனோம். ஆயினும் வீதியில் இறங்கிய பின் இரு வண்டிகளுக்கும் விதிகள் ஒன்றே. பாரம் எங்கே இருக்கிறது, எவ்வளவு உயரத்தில் இருக்கிறது, பாதை எப்படி இருக்கிறது என்ற மூன்றும்தான் வண்டி நிற்குமா புரளுமா என்பதைத் தீர்மானிக்கின்றன. அந்த விதிகளை இப்பாடத்தில் நாம் ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

எமக்கு நேர்ந்த ஒரு விபத்து

சில ஆண்டுகளுக்கு முன் மீளக்குடியேறச் சென்ற குடும்பமொன்றின் சாமான்களை ஏற்றுவதற்கு நாமும் கைகொடுத்தோம். பெட்டியின் அடிப்பலகையில் வெடிப்பு இருந்தது. கீழே வைத்தால் வாய்க்கால் தண்ணீர் பட்டு விதைநெல் நனைந்துவிடும் என்று அந்தத் தாய் அஞ்சினார். ஆகவே பாய், தலையணை, கிடுகு எல்லாவற்றையும் அடியில் போட்டு, நெல்மூடைகளை மேலே அடுக்கினோம். பெட்டிச் சொந்தக்காரரான காக்கா மட்டும், "மனே, பாரத்தக் கீழ வையுங்க. மேல வெச்சா வண்டி ஆடும்" என்றார். நாம் கேட்கவில்லை. அன்று அவர் ஓட்ட வரவும் இல்லை; புதிதாகப் பழகிய இளைஞர் ஒருவரே ஓட்டினார்.

குளக்கட்டிலிருந்து இறங்கும் இடத்தில் பாதை இடப்பக்கம் திரும்புகிறது. வலப்பக்கம் வாய்க்கால். இளைஞர் இடக்கைப் பிடியின் கிளச்சை அழுத்தினார். இயந்திரமோ வலப்பக்கம் திரும்பியது! பதறி இன்னும் இறுக்கி அழுத்தினார். இன்னும் வலப்பக்கமே போயிற்று. பெட்டி வாய்க்காலுக்குள் சரிந்தது. உயிர்ச் சேதம் இல்லை. அந்தத் தாயின் கை முறிந்தது. நனையக்கூடாது என்று மேலே வைத்த விதைநெல் முழுவதும் தண்ணீருக்குள் கிடந்தது. அந்தப் பெரும்போகத்தில் அவர்கள் கடன் வாங்கித்தான் விதைத்தார்கள்.

அந்த இளைஞர் கவனயீனமாக ஓட்டவில்லை. அந்தத் தாயும் அறியாமையால் அப்படிச் சொல்லவில்லை. பிழை எங்கே நடந்தது? தொடர்ந்து படித்தால் விடை கிடைக்கும்.

1. முன்பாரமும் பின்பாரமும்

மாட்டு வண்டி ஓட்டிய எமது பாட்டன்மாருக்கு இந்தப் பாடம் நன்றாகத் தெரியும். முன்பாரம் கூடினால் நுகம் மாட்டின் கழுத்தை அழுத்தும். பின்பாரம் கூடினால் நுகம் மேலெழும்பி, கழுத்துக் கயிறு மாட்டின் குரல்வளையை இறுக்கும். இரண்டுக்கும் நடுவில், முன்பாரம் சற்றே கூடியிருக்கும்படி ஏற்றுவார்கள்.

பெட்டிக்கும் இதுவே விதி. பின்பாரம் கூடினால் பெட்டியின் முன் தண்டு மேலே தூக்கும். அப்போது இயந்திரத்தின் சில்லுகள் நிலத்தை அழுத்திப் பிடிக்கமாட்டா. இழுவை குறையும், வண்டி சொன்ன பக்கம் திரும்பாது, சற்று வேகமாகப் போனால் பெட்டி பாம்புபோல இருபக்கமும் நெளியும். முன்பாரம் அளவுக்கு மிஞ்சினாலோ கைபிடி கனத்துப்போய், திருப்புவது கடினமாகும். முன் தண்டும் கொழுக்கியும் வளையும்.

ஒரு சிறு கணக்குப் பார்ப்போம். பெட்டியில் 500 கிலோ பாரம் உண்டு. கொழுக்கியிலிருந்து பெட்டியின் அச்சு 2 மீற்றர் தூரத்தில் உள்ளது. பாரத்தின் மையம் அச்சுக்கு 20 சென்றிமீற்றர் முன்னால் இருந்தால், கொழுக்கியில் விழும் பாரம் 50 கிலோ. அதாவது ஏற்றிய பாரத்தில் பத்தில் ஒரு பங்கு. இழுவை வண்டிகளுக்குப் பொதுவாக ஏற்ற அளவு இதுவே. அதே பாரத்தை அச்சுக்கு 20 சென்றிமீற்றர் பின்னால் தள்ளிவைத்தால், அதே 50 கிலோ கொழுக்கியை மேலே தூக்கும். ஒரு முழத்துக்கும் குறைவான இடமாற்றம் வண்டியின் குணத்தையே மாற்றிவிடுகிறது.

கொழுக்கியில் பூட்டுமுன் இதைக் கையாலேயே சோதிக்கலாம். சமதரையில் சில்லுகளுக்குக் கல் முட்டுக்கொடுத்துவிட்டு முன் தண்டைத் தூக்கிப் பாருங்கள். பலமுள்ள ஒருவர் சிரமப்பட்டுத் தூக்கக்கூடியதாக இருந்தால் சரி. தண்டு தானாக மேலே போனால் பின்பாரம். இருவர் சேர்ந்தும் தூக்க முடியாவிட்டால் முன்பாரம் அதிகம்.

கூரை மரம், கம்பு போன்ற நீண்ட பொருள்கள் பெட்டிக்குப் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும்போது விசேட கவனம் தேவை. அவை துலாபோல வேலை செய்து முன் தண்டைத் தூக்கும். திரும்பும்போது அவற்றின் நுனி எதிர்ப்பக்கம் வீசும். அருகே சைக்கிளில் வருபவரை அடித்துவிடலாம். வெளிநாட்டு வீட்டு வண்டிகளிலும் இதே பிரச்சினை உண்டு. பின்புறத்தில் சைக்கிளையும் சாமான் பெட்டியையும் தொங்கவிட்டால் முன் சில்லின் அழுத்தம் குறைந்து வண்டி பிடிமானம் இழக்கிறது.

2. உயரம் என்னும் ஆபத்து

ஒரே பாரம்தான். அதைத் தாழ்வாக வைத்தால் வண்டி நிற்கும். உயரமாக வைத்தால் புரளும். இதுவும் கணக்கில் அடங்குவதே.

பெட்டியின் இரு சில்லுகளுக்கும் இடையே 120 சென்றிமீற்றர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். பாரத்தின் மையம் நிலத்திலிருந்து 60 சென்றிமீற்றர் உயரத்தில் இருந்தால், வண்டி 45 பாகை சரியும்வரை புரளாது. அதே மையம் 120 சென்றிமீற்றருக்கு உயர்ந்தால், ஏறக்குறைய 27 பாகை சரிவிலேயே புரண்டுவிடும்.

வளைவில் வேகமும் சேர்ந்துகொள்ளும். வளைவில் வண்டியை வெளிப்பக்கம் தள்ளும் விசை வேகத்தின் வர்க்கத்தின்படி கூடும். வேகம் இரண்டு மடங்கானால் தள்ளும் விசை நான்கு மடங்காகும். 10 மீற்றர் ஆரையுள்ள வளைவொன்றில் மணிக்கு 20 கிலோமீற்றர் வேகத்தில் திரும்பினால், அந்த விசை வண்டியின் நிறையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. சமதரையில் உயரப் பாரம் ஏற்றிய வண்டிகூட இதைத் தாங்கும். ஆனால் பாதை வெளிப்பக்கமாக 10 பாகை சரிந்திருந்தால் அதே வண்டி அதே வேகத்தில் புரண்டுவிடும். குளக்கட்டு இறக்கங்களில் பாதை எப்பக்கம் சரிந்திருக்கிறது என்பதை அடுத்த முறை போகும்போது பாருங்கள்.

ஆகவே ஏற்றும் ஒழுங்கு இதுவாக இருக்கட்டும்:

அடியில், அச்சுக்குச் சற்று முன்னால்: நெல்மூடை, சீமெந்துப் பை, அம்மி, உரல்.
நடுவில்: பானை சட்டி, உடுப்புப் பெட்டி, கதவு, நிலை.
மேலே: பாய், தலையணை, கிடுகு, வெறும் கூடைகள்.

நெல் நனையும் என்ற அச்சத்துக்கு வழி உண்டு. பலகை வெடிப்பின் மேல் முதலில் கிடுகை விரித்து, அதன்மேல் பொலித்தீன் தாளைப் போட்டு, அதற்குமேல் மூடையை வையுங்கள். அன்றைக்கு எமக்கு வேண்டியிருந்தது இந்த ஒரு பொலித்தீன் தாள்தான்.

தண்ணீர் பீப்பாய்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். 200 லீற்றர் பீப்பாயை நிரப்பினால் தண்ணீர் மட்டும் 200 கிலோ. முற்றாக நிரம்பிய பீப்பாய் அசையாமல் நிற்கும். அரைவாசி நிரம்பியதிலோ தண்ணீர் வளைவில் ஒரு பக்கமாக ஓடிச் சேர்ந்து, வண்டி சரியும் பக்கத்துக்கே மேலும் பாரம் கொடுக்கும். நிரப்பினால் முற்றாக நிரப்பி மூடுங்கள். இல்லையேல் வெறுமையாகக் கொண்டுசெல்லுங்கள்.

3. இறக்கத்தில் தலைகீழாகும் கிளச்

லான்ட்மாஸ்டர் என்பது ஒரு வியாபாரப் பெயர். இரு சில்லு உழவு இயந்திரம் எல்லாவற்றுக்கும் எமது நாட்டில் அப்பெயரே நிலைத்துவிட்டது. 1950களில் அந்த இயந்திரத்தின் உருவாக்கத்தில் பங்குகொண்டவர்களில் எமது நாட்டவரான ரே விஜேவர்த்தனவும் (1924–2010) ஒருவர். அது வயலுக்கென்று பிறந்த இயந்திரம். வீதிக்கு வரும்போது அதன் குணத்தை நாம் தனியாகப் படிக்க வேண்டும்.

இரு கைபிடிகளின் கீழும் ஒவ்வொரு கிளச் உண்டு. இடக் கிளச்சை அழுத்தினால், இயந்திரத்துக்கும் இடச் சில்லுக்கும் உள்ள தொடர்பு விடுபடும். சமதரையில் வலச் சில்லு மட்டும் தொடர்ந்து தள்ளுவதால் வண்டி இடப்பக்கம் திரும்பும். எல்லோரும் முதலில் பழகுவது இதைத்தான்.

இறக்கத்தில் நடப்பது வேறு. அங்கே இயந்திரம் பெட்டியை இழுக்கவில்லை. பெட்டிதான் இயந்திரத்தைப் பின்னாலிருந்து தள்ளுகிறது. இயந்திரம் கியரில் இருப்பதால் இரு சில்லுகளையும் ஓடவிடாமல் பிடித்துவைத்திருக்கிறது. இந்நிலையில் இடக் கிளச்சை அழுத்தினால் இடச் சில்லு அந்தப் பிடியிலிருந்து விடுபட்டு வேகமாக உருளும். வலச் சில்லு மட்டும் பிடிபட்டு நிற்கும். ஆகவே வண்டி வலப்பக்கம் திரும்பும். இடத்தை அழுத்த வலம், வலத்தை அழுத்த இடம்! அந்த இளைஞருக்கு நேர்ந்தது இதுவே. அவர் அழுத்த அழுத்த வண்டி வாய்க்காலை நோக்கியே போனதற்கு வேறு காரணம் இல்லை.

இறக்கத்தில் கடைப்பிடிக்க வேண்டியவை:

(அ) இறங்கத் தொடங்குமுன் நின்று, குறைந்த கியருக்கு மாற்றுங்கள். நடுவழியில் கியர் மாற்ற முயலாதீர்கள்.
(ஆ) கைபிடிக் கிளச் இரண்டையும் தொடாதீர்கள். கைபிடியையே மெதுவாகத் தள்ளித் திருப்புங்கள்.
(இ) பிரதான கிளச்சையும் விடுவிக்காதீர்கள்; நியூட்ரலில் இறங்காதீர்கள். பிடித்துவைப்பது இயந்திரமே, அதை விட்டால் பெட்டி உங்களை ஓட்டிச் செல்லும்.
(ஈ) பெட்டிச் சில்லுகளின் கால் பிறேக்கை மெதுவாக, முன்கூட்டியே மிதியுங்கள். பிறேக் வேலை செய்யாத பெட்டியில் பாரம் ஏற்றி இறக்கத்தில் போகக்கூடாது. பெட்டி தள்ளும்போது இயந்திரம் சற்றுத் திரும்பியிருந்தால், இரண்டும் கத்தரிக்கோல்போல மடிந்து, நடுவில் இருப்பவர் அகப்படுவார்.
(உ) இறக்கத்துக்கு முன் ஆட்களை இறக்கி நடக்கவிடுங்கள். பத்து நிமிட நடையால் ஒரு கை முறியாமல் தப்பும்.

4. குலுக்கம்

லொறிக்கும் பஸ்ஸுக்கும் சில்லின் மேல் வில் உண்டு. எமது பெட்டிகளில் பெரும்பாலானவற்றுக்கு வில் இல்லை. குழியின் அடியைத் தாங்குவது ரயரின் காற்று மட்டுமே. காற்று மிஞ்சினால் ரயர் கல்லுப்போலாகிப் பெட்டி துள்ளும். காற்றுக் குறைந்தால் ரயரின் பக்கச்சுவர் நசிந்து, சூடேறி வெடிக்கும். வளைவில் பெட்டி ஆடும். ரயரின் பக்கத்தில் அச்சிட்டிருக்கும் அளவைத் தாண்டாதீர்கள். முக்கியமாக, இரு பக்கமும் ஒரே அளவு காற்று இருக்கட்டும். ஒரு பக்கம் குறைந்தால் அப்பக்கம் வண்டி இழுக்கும்.

மாரி முடிந்ததும் கிரவல் வீதிகளில் குறுக்கே வரிவரியாக மேடும் பள்ளமும் விழும். வேகமாகப் போனால் குலுக்கம் தெரியாது என்பார் சிலர். அவ்வேகத்தில் சில்லு பாதி நேரம் நிலத்தைத் தொடுவதில்லை. நிலத்தைத் தொடாத சில்லு பிறேக்குக்கும் பணியாது; திருப்பத்துக்கும் பணியாது.

ஆட்கள் பெட்டியில் ஏறாமல் இருப்பதே சிறப்பு. பஸ் ஓடும் வழியானால் பிள்ளைகளையும் முதியோரையும் பஸ்ஸில் அனுப்புங்கள். வேறு வழியே இல்லாதபோது அவர்கள் அமரும் இடத்தைக் கவனியுங்கள். அச்சுக்கு நேர்மேலே குலுக்கம் குறைவு. பெட்டியின் பின்நுனியில் மிக அதிகம். ஊஞ்சல் பலகையின் நடுவும் நுனியும் போல என்று கொள்ளலாம். வெளிநாட்டு வீட்டு வண்டிகளிலும் பின் சில்லுக்கு அப்பால் உள்ள கட்டிலில் படுப்பவரையே வண்டி தூக்கித் தூக்கிப் போடுகிறது. ஆகவே அச்சுக்கு அருகே, பெட்டியின் தரையில், பக்கப்பலகையில் முதுகு சாய்த்து அமர வேண்டும். சாமான் குவியலின் உச்சியில் பிள்ளையை இருத்தவே கூடாது. கர்ப்பிணித் தாய்மார் பெட்டியில் பயணம் செய்வதை முற்றாகத் தவிர்ப்போம்.

5. கச்சான் காற்று

எமது கரையோரப் பெருவீதி வடக்குத் தெற்காக ஓடுகிறது. கச்சான் காற்றோ மேற்கிலிருந்து வீசுகிறது. அதாவது வண்டியின் விலாவிலேயே அடிக்கிறது. நிறுத்திக் கட்டிய தகரமும் மெத்தையும் பாய்மரம்போலக் காற்றை ஏந்தும். இதனோடு பெரிய பஸ் ஒன்று விலத்திப் போகும்போது முதலில் ஒரு தள்ளு, பின்பு ஓர் இழுப்பு ஏற்படும். உயரமான வீட்டு வண்டி ஓட்டுவோர் வெளிநாடுகளில் அதிகம் அஞ்சுவது இந்த இரண்டுக்குமே. தகரங்களைப் படுக்கையாக அடுக்குங்கள். மேல் பாரத்தைக் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டுங்கள். ஒரு கிலோமீற்றர் போனதும் நிறுத்திக் கயிற்றைச் சரிபாருங்கள். சாமான் இறுகும்போது கயிறு தளர்ந்திருக்கும்.

இரவுப் பயணத்தைத் தவிர்ப்போம். பின்விளக்கு இல்லாத பெட்டி பின்னால் வரும் வாகனத்துக்கு மிக அருகில் வந்த பின்பே தெரியும். யானை நடமாடும் உள்வீதிகளில் ஆபத்து இரட்டிப்பு. எதிர்பாராமல் இருட்டிவிட்டால் உதவும்படி, பின்பலகையின் இரு மூலையிலும் ஒளி தெறிக்கும் சிவப்புத் தகட்டை அடித்துவையுங்கள்.

6. ஓடும் வெள்ளம்

2024 நவம்பர் 26ஆம் திகதியை இம்மாவட்டத்தில் எவரும் மறக்கமாட்டார். காரைதீவு – மாவடிப்பள்ளி வீதியில், வெள்ளத்தைக் கடக்க முயன்ற உழவு இயந்திரம் ஒன்று பெட்டியுடன் அடித்துச் செல்லப்பட்டது. வீடு திரும்பிக்கொண்டிருந்த மத்ரஸா மாணவர்கள் உட்படப் பலர் உயிரிழந்தனர். உழவு இயந்திரம் உயரமானது, பாரமானது, வெள்ளத்தைத் தாங்கும் என்ற நம்பிக்கை எமக்கெல்லாம் உண்டு. அந்த நம்பிக்கையைத்தான் நாம் ஆராய வேண்டும்.

2 மீற்றர் நீளமும் 1.2 மீற்றர் அகலமும் உள்ள பெட்டியை எடுத்துக்கொள்வோம். தண்ணீர் அதன் அடிப்பலகைக்கு மேல் 10 சென்றிமீற்றர் ஏறி, உள்ளே புகாமல் இருந்தால், 240 கிலோ அளவுக்குப் பெட்டியை மேலே தூக்கும். காற்று நிரம்பிய ரயர்களும் மிதக்க முயலும். பெட்டி இலேசாகும்போது சில்லு நிலத்தைப் பிடிக்காது. அப்போது பக்கத்திலிருந்து வெள்ளம் தள்ளும். நீரின் வேகம் இரண்டு மடங்கானால் தள்ளும் விசை நான்கு மடங்கு. ஓடும் நீர் 30 சென்றிமீற்றர் ஆழமிருந்தாலே சிறிய கார்களை இழுத்துவிடும். 60 சென்றிமீற்றர் இருந்தால் பெரும்பாலான வாகனங்களைக் கொண்டுபோய்விடும். கலங்கல் நீருக்கடியில் வீதி அரித்துப் போயிருப்பதும் கண்ணுக்குத் தெரியாது.

ஆகவே விதி ஒன்றே: வீதியைக் குறுக்கறுத்து ஓடும் வெள்ளத்தில் பெட்டியை இறக்காதீர்கள். காத்திருங்கள், அல்லது திரும்புங்கள். நெல்லைத் திரும்ப விதைக்கலாம்.

7. புறப்படுமுன் ஏழு கேள்விகள்

1. கொழுக்கிப் பின் முழுதாக இறங்கி, அதன் பூட்டுக் கம்பி போடப்பட்டுள்ளதா? துணைச் சங்கிலி உண்டா?
2. சில்லு நட்டுகள் இறுகியுள்ளனவா?
3. இரு ரயரிலும் காற்றுச் சமமா?
4. பெட்டிப் பிறேக் பிடிக்கிறதா?
5. முன் தண்டைத் தூக்கிப் பார்த்தோமா?
6. பாரமான பொருள் அடியில் உள்ளதா?
7. ஓட்டுபவருக்கு இறக்கத்தில் கிளச் மாறும் விதம் தெரியுமா?

ஏழுக்கும் "ஆம்" என்று சொல்ல முடிந்தால் மட்டும் இயந்திரத்தைக் கிளப்புங்கள்.

குழுக் கலந்துரையாடலுக்கு

1. உங்கள் ஊரில் பெட்டி புரண்ட இடங்கள் எவை? அங்கே இறக்கம், வளைவு, சரிவு என்பவற்றில் எது காரணம்?
2. மாட்டு வண்டி ஓட்டிய முதியவர் ஒருவரை அழைத்து, முன்பாரம் பின்பாரம் பற்றிச் சொல்லக் கேளுங்கள். அவர் சொல்வதில் எது பெட்டிக்குப் பொருந்தும்?
3. புதிதாகப் பழகும் இளைஞருக்கு இறக்கத்தில் ஓட்டும் முறையை, வெறும் பெட்டியுடன், ஆள் ஏற்றாமல் கற்பிக்க ஊரில் பொருத்தமான இடம் எது? யார் கற்பிப்பார்?
4. வெள்ள காலத்தில் பிள்ளைகளைப் பெட்டியில் ஏற்றுவதில்லை என்று உங்கள் சங்கம் தீர்மானம் எடுக்க முடியுமா? அப்படியானால் அவர்கள் தங்கவேண்டிய இடம் எது?

காக்காவின் சொல்லை அன்று நாம் கேட்டிருந்தால் இப்பாடத்தை எழுதவேண்டி வந்திராது. அந்தத் தாய் இப்போது சாகாமத்தில் மீண்டும் பயிர் செய்கிறார். சாமான் ஏற்ற யார் வந்தாலும் முதலில் பெட்டியின் அடிப்பலகையைப் பார்க்கிறார். பின்பு, "நெல்லு கீழ" என்று சொல்லிவிட்டு, தாம் நடந்தே வருகிறார்.